பெயரடை வகுப்பில் ஓர் உளவாளி

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் தராசின் முள்ளைப் பார்க்காமல் நான் ஒரு வெண்டைக்காய் வாங்கியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சிரித்தால், இவருக்கு என்ன வேண்டுமோ என்றுதான் முதலில் தோன்றும். என் கணவர், "நீ தப்பித் தவறி டீச்சர் ஆயிட்ட, போலீசுக்குப் போயிருக்க வேண்டியவ" என்பார். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த விஷயத்தில் நான் சந்தேகப்பட்டதற்குக் காரணம் இருந்தது.

ஆக்லாந்துக்கு வந்து கொஞ்ச காலம் நான் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் தகர டப்பாக்களை அடுக்கினேன். கோயம்புத்தூரில் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள், பதவி உயர்வு வரப்போகிற நேரத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பி வந்தவள். இங்கே நேர்முகத்துக்குப் போன இடத்திலெல்லாம் சிரித்துக்கொண்டே பேசினார்கள், சிரித்துக்கொண்டே வழியனுப்பினார்கள். ஒரே ஓர் அம்மாள்தான் உள்ளதைச் சொன்னாள். என் உச்சரிப்பு அவர்கள் மாணவர்களுக்கு ஒத்துவராதாம். அன்றைக்கு பிளாக்ஹவுஸ் பே வீட்டுக்கு வந்து, இனி யாரிடமும் ஆங்கிலத்தில் வாயே திறப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். தக்காளி டப்பாவுக்கு உச்சரிப்பு தேவையில்லை பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. ஏவன்டேலில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கடைகளுக்கு மேலே இரண்டு அறைகள். புதிதாகக் குடியேறியவர்களுக்கு மாலை நேர ஆங்கில வகுப்பு. தலைமை அலுவலகம் மனுகாவில். என்னைத் தற்காலிகமாகத்தான் எடுத்தார்கள். பருவம் முடிவதற்குள் யாராவது வந்து வகுப்பைப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் நான் மறுபடி டப்பா அடுக்கப் போகலாம். அவ்வளவுதான் கணக்கு. அந்த வேலையை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

என் வகுப்பில் எல்லாரும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். சிலி, கொலம்பியா, அர்ஜென்டினா. பகலெல்லாம் ஹோட்டல் அறை கூட்டி, கிடங்கில் பெட்டி தூக்கி, கட்டட வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் களைத்துப் போய் வந்து உட்காருவார்கள். அவர்களுக்கு ஆங்கிலப் பெயரடை என்றால் பெரிய ரோதனை. அவர்கள் மொழியில் பெரும்பாலும் வீடு முதலில் வரும், சிவப்பு பின்னால் வரும். வீடு நாலாகிவிட்டால் சிவப்பும் பன்மையாகிவிடும். போதாததற்கு வீடு பெண், புத்தகம் ஆண். அதற்குத் தகுந்தாற்போல் சிவப்பும் வேஷம் மாற்றிக்கொள்ளும். இப்படிப் பழகிய நாக்கிடம் போய், 'ரெட் ஹவுஸஸ்' என்று சொல், ரெட்டுக்கு ஒன்றும் போடாதே என்றால் அது கேட்குமா? 'ரெட்ஸ்' என்றுதான் வரும். ரெட்டை அப்படி மொட்டையாக விட அவர்களுக்கு மனசு வராது.

நமக்கு இந்தத் தொல்லை கிடையாது. நல்ல பையன், நல்ல பெண், நல்ல வீடுகள். 'நல்ல' என்பது நின்ற இடத்தை விட்டு அசையாது, உடுப்பும் மாற்றாது. இந்த ஒரு விஷயத்திலாவது ஆங்கிலம் தமிழ் மாதிரி நடந்துகொள்கிறதே என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை. என் மாணவர்கள் எங்கே தடுக்கி விழுவார்கள், எப்படி விழுவார்கள் என்று சீக்கிரமே எனக்கு அத்துபடியாகிவிட்டது.

வரவேற்பு மேசையில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துப் பெண்தான் என் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டாள். ஒரு நாள் நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து வந்து காதருகே சொன்னாள்.

"அக்கா, கவனமா இருங்கோ. மனுகாவில இருந்து ஆக்கள் பாக்க வருவினம்."

"அது தெரியுமே. சொல்லிட்டுத்தானே வருவாங்க?"

"ஓம், சொல்லியும் வருவினம். சொல்லாமலும் ஆக்களை அனுப்புவினமாம், படிக்கிற ஆள் மாதிரி. போன முறை இருந்த டீச்சருக்கு அப்பிடித்தான் நடந்தது எண்டு கதைக்கினம். எனக்கு வடிவாத் தெரியேல்ல."

வடிவாக, அதாவது சரியாக, தெரியாத செய்தி போதும் எனக்கு. அடுத்த வாரமே ஒரு சிலி நாட்டுத் தம்பதி புதிதாக வந்து சேர்ந்தார்கள்.

கணவர் ஆஜானுபாகு. ஊரில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்து லாரி பழுது பார்த்தவராம். இங்கே கிடங்கு வேலை. மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து மேசையையே பார்த்துக்கொண்டிருப்பார். கேள்வி கேட்டால் காது சிவக்கும், வாய் திறக்காது. அவரை நான் சந்தேகப்படவில்லை. ஜன்னலோரத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிதான் என் கண்ணை உறுத்தினாள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், பார்வை கூர்மையாக இருந்தது. எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில் கையில்.

முதல் நாளே மாட்டிக்கொண்டாள். யாழ்ப்பாணத்துப் பெண் கதவருகில் நின்று, ஹீட்டரைப் பற்றி என்னிடம் ஆங்கிலத்தில் படபடவென்று ஏதோ வேடிக்கையாகச் சொன்னாள். வகுப்பில் ஒருவருக்கும் புரியவில்லை. இவள் மட்டும் சிரித்துவிட்டாள். சிரித்தவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டு கணவரைப் பார்த்தாள். ஓஹோ, அப்படியா சங்கதி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது அவள் செய்த தப்புகள். மாணவர்களின் தப்பு எப்படி இருக்கும் என்று ஆசிரியர்களைக் கேளுங்கள். அது சிந்திய அரிசி மாதிரி நாலா பக்கமும் கிடக்கும். பெயரடையைச் சரியாகச் சொன்னவன் வினைச்சொல்லில் விழுவான், அதைத் தாண்டினால் 'தி' போட மறப்பான். இவள் அப்படியில்லை. அன்றைக்கு நான் எதை நடத்தினேனோ அதே தப்பை மட்டும் செய்வாள். பன்மை நடத்தினால் 'ரெட்ஸ் டொமேட்டோஸ்'. இடம் நடத்தினால் 'கார் ப்ளூ'. மற்றதெல்லாம் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருக்கும். இவ்வளவு ஒழுங்காகத் தப்புச் செய்கிற மாணவி உலகத்தில் உண்டா?

தப்பைச் சொல்லிவிட்டுச் சும்மாவும் இருக்க மாட்டாள். பாட்டிலைத் திறந்து நிதானமாக ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். நான் திருத்த எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறேன் என்று அளக்கிறாள், வேறென்ன! அதனால் அவள் மூடியைத் திருகி முடிப்பதற்குள் பாய்ந்து திருத்திவிடுவேன். "ரெட் டொமேட்டோஸ்! நோ எஸ்!" அவள் முகம் ஒரு நொடி சுருங்கும். என்னடா இவள், நம்மிடம் சிக்கமாட்டேன் என்கிறாளே என்று ஏமாந்து போகிறாள் என்று நினைத்து எனக்குள் குதூகலித்துக்கொள்வேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் சிரித்தார்.

"உளவு பாக்க வர்றவ எதுக்குப் புருஷனையும் கூட்டிட்டு வர்றா?"

"அதுதாங்க தந்திரம். ஜோடியா வந்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கல்ல?"

"சரி சரி. என் பேச்சை ஒரு தடவை கேட்டுரு. நாளைக்கு மீட்டிங்."

இது எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை சடங்கு. நான் அடுப்படியில் நாளைய சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். அவர் காபி டம்ளரோடு ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்று, திங்கட்கிழமை அலுவலகத்தில் பேச வேண்டியதை ஆங்கிலத்தில் பேசிக் காட்டுவார். நான் தப்பு சொல்ல வேண்டும். இவ்வளவு காலம் ஐடி கம்பெனியில் குப்பை கொட்டியும் 'மோர் பெட்டர்' என்பதை விட மாட்டார் மனுஷன். "மோர் எதுக்குங்க? பெட்டர் போதும்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "ஓ, ஆமால்ல" என்று தலையில் தட்டிக்கொள்வார். அடுத்த வாரம் மறுபடி அதே. இவரை நம்பி எப்படி ஒரு டீமைக் கொடுத்திருக்கிறார்கள் என்று அலுவலகத்து ஆட்கள் மேலேயே எனக்குச் சந்தேகம்.

ஒரு வியாழக்கிழமை ஏவன்டேல் ரயில் நிலையம் வழியாக வகுப்புக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். பிளாட்பாரத்து பெஞ்சில் அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில். யாரோ வீட்டுச் சொந்தக்காரருடன், குளியலறை ஒழுகுவதைப் பற்றி. வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். ஒரு தடங்கல் இல்லை, ஒரு தப்பு இல்லை. 'அந்தப் பழைய துருப்பிடித்த இரும்புக் குழாய்' என்று மூன்று பெயரடையை வரிசை பிசகாமல் அடுக்குகிறாள். என் வகுப்பில் அதுவரை ஒருவருக்கும் இரண்டுக்கு மேல் அடுக்க வந்ததில்லை.

அரை மணி நேரம் கழித்து அதே வாயால் என் வகுப்பில், "ஐ ஹேவ் அ டாக் ஸ்மால்" என்றாள். தண்ணீரைக் குடி, நன்றாகக் குடி என்று மனசுக்குள் திட்டினேன். பாவி, என் சோற்றில் மண்ணைப் போடத்தான் வந்திருக்கிறாய்.

அதற்கடுத்த வாரம் மனுகாவிலிருந்து மேலாளரே வந்தார். சொல்லிவிட்டுத்தான் வந்தார். நெட்டையான மனிதர், கைகுலுக்கிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். மேலாளரே வந்துவிட்டார், இவள் உளவாளி இல்லை என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். நான் நினைக்கவில்லை. இவள் எழுதிக் கொடுத்ததைச் சரிபார்க்க வந்திருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

அன்று ஒப்பிடுவது பற்றிய பாடம். சின்னச் சொல்லாக இருந்தால் கடைசியில் 'அர்' சேர்க்கணும், நீளமான சொல்லாக இருந்தால் முன்னால் 'மோர்' போடணும். ஸ்பானிஷில் பெரும்பாலும் எதுவானாலும் முன்னால் 'அதிகம்' என்று போட்டால் முடிந்தது, அதனால் எல்லாவற்றுக்கும் 'மோர்' போடுவார்கள். இரண்டு வீடுகளின் படத்தைக் காட்டி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தேன். கொலம்பியப் பையன் சரியாகச் சொன்னான். அர்ஜென்டினாப் பெண் கொஞ்சம் திணறிச் சொன்னாள். மேலாளர் தலையாட்டினார். ஜன்னலோரத்துக்கு வந்தேன்.

"மை ஹவுஸ் இஸ் மோர் பிக்," என்றாள்.

கடைசி வரிசையில் பேனா நகர்ந்தது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. போதும் உன் நாடகம் என்று முடிவு செய்தேன். 'ரயில் நிலையத்தில் குளியலறைக் குழாயைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசினீர்களே, அதே மாதிரி இங்கேயும் பேசலாமே' என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட வேண்டும். இவளுக்கு எல்லாம் தெரியும், என் பாடத்தில் குறையில்லை என்று மேலாளருக்குத் தெரிந்துவிடும். அந்த வாக்கியத்தைப் பணிவாகவும் குத்தலாகவும் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் கோத்துக்கொண்டிருந்தேன். அதனால் முதல் தடவையாக அவள் தப்பைத் திருத்தாமல் நின்றேன்.

அவள் பாட்டிலைத் திறந்தாள். குடித்தாள். மூடினாள். நான் இன்னும் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவள் கண் பக்கத்து நாற்காலியின் மேல் இருந்தது.

அவள் மறுபடியும் சொன்னாள், இந்த முறை கொஞ்சம் சத்தமாக.

"மை ஹவுஸ் இஸ் மோர் பிக்."

மஞ்சள் ஜாக்கெட் அசைந்தது. காது இரண்டும் செக்கச்செவேல் என்று ஆகியிருந்தது.

"நோ," என்றார் அவர். அந்த வகுப்பில் அவர் பேசிக் கேட்ட முதல் சொல். "நோ மோர் பிக். பிக்கர். வேர்ட் ஸ்மால்... ஸ்மால் வேர்ட், அர்."

வாய்க்குள்ளேயே தன்னைத் திருத்திக்கொண்டுவிட்டார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவள், "ஆ! பிக்கர்!" என்று நெற்றியில் தட்டிக்கொண்டாள். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எவ்வளவு அகலமான மனிதர் என்று அப்போதுதான் தெரிந்தது. அடுத்த படத்தைக் காட்டியதும் கேட்காமலே கையைத் தூக்கினார்.

அவள் ஒவ்வொரு முறையும் பாட்டிலைத் திறந்தது எனக்காக இல்லை. அவர் பேச இடம் விட்டு அவள் காத்திருந்திருக்கிறாள். அந்த இடத்தில் நான் பாய்ந்து பாய்ந்து விழுந்திருக்கிறேன். கடவுளே!

இப்போதும் நான் அவளைக் காட்டிக்கொடுத்திருக்கலாம், வேலை பிழைத்திருக்கும். சொல்லவில்லை. அந்த ஆள் கையைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது?

வகுப்பு முடிந்ததும் மேலாளர் நேராக அந்த விஷயத்துக்குத்தான் வந்தார். "ஜன்னல் பக்கத்துப் பெண்மணி புதிதா?" என்று கேட்டார். சேர்ந்து பாதிப் பருவம் ஆகிறது என்றேன். "இன்னும் 'மோர் பிக்' என்கிறாரே?" என்றார். உண்மை வாய் வரைக்கும் வந்தது. சில பேருக்கு நேரம் ஆகும் என்று மட்டும் சொன்னேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். முடிவைப் போகும்போதே சொல்லிவிட்டார்: நிரந்தரம் இப்போதைக்கு இல்லை, இன்னொரு பருவம் தற்காலிகமாகவே இருங்கள், பிறகு பார்க்கலாம். வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், அவள் மேலும் எரிந்தது.

கீழே இறங்கியபோது அவள் நடைபாதையில் எனக்காகக் காத்திருந்தாள். கணவர் சற்றுத் தள்ளி அந்தக் கொலம்பியப் பையனுக்குக் கையை விரித்து எது பெரியது, எது அதைவிடப் பெரியது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"இன்றைக்கு நீங்கள் காத்திருந்தீர்கள். நன்றி," என்றாள். அதே பிளாட்பாரத்து ஆங்கிலம்.

அவள் ஊரில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்தவளாம். அவருக்கு ஒரு சொல் தெரியாது. முன்பு வேறொரு வகுப்புக்குத் தனியாகப் போய், இளசுகள் சிரித்ததில் பாதியில் எழுந்து வந்துவிட்டாராம். அதற்குப் பிறகு கடைக்குக் கூடத் தனியாகப் போவதில்லை. எனக்கும் சரியாக வராது, இரண்டு பேரும் சேர்ந்து படிப்போம் என்று சொல்லித்தான் அவரை இங்கே இழுத்து வந்திருக்கிறாள்.

"அவருக்கு உன் ஆங்கிலம் தெரியாதா?" என்றேன்.

"சமாளிப்பேன் என்று தெரியும். இவ்வளவு என்று தெரியாது. இன்றைக்கு இரவு சாப்பிடும்போது என்னைத் திருத்துவார் பாருங்கள்," என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "தயவுசெய்து என்னை மேல் வகுப்புக்கு மாற்றிவிடாதீர்கள்."

எனக்குக் கோபம் தீரவில்லை. இவளால் என் வேலை அந்தரத்தில் தொங்குகிறது, அது இவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது. சொல்லவும் மனம் வரவில்லை. அதனால் வாத்தியார் வேலையைக் காட்டினேன்.

"தப்புச் செய்வதாக இருந்தால் ஒழுங்காகச் செய். பாடத்துக்குத் தகுந்த தப்பு மட்டும் செய்தால் யாரும் நம்ப மாட்டார்கள். நடுநடுவே வேறு எதையாவது உளறு."

அவள் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். வேலை நிரந்தரமில்லை என்பதைத்தான் சொன்னேன், அந்தத் தம்பதியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. என் கணவர் "டீ போடட்டா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் நான் சுருண்டு கிடந்தேன். என் ஆங்கிலத்தில்தான் ஏதோ கோளாறு, மேலாளர் அதை நாசூக்காகச் சொல்லாமல் விட்டார் என்று பழைய புழு மறுபடி குடையத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் காபி டம்ளரோடு வந்து ஃபிரிட்ஜில் சாய்ந்தார்.

"நாளைக்குப் பெரிய மீட்டிங். கொஞ்சம் கேளேன்."

"இன்னிக்கு வேண்டாங்க. எனக்கே ஒண்ணும் தெரியல."

"உன்னை விட்டா எனக்கு யாரு சொல்லுவா? கேளு."

பேச ஆரம்பித்தார். நான் தலை நிமிரவில்லை. ஏதோ மென்பொருள், ஏதோ தாமதம், வாடிக்கையாளர். நீளமான நீளமான வாக்கியங்கள், எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. பிறகு, "நெக்ஸ்ட் வெர்ஷன் வில் பி மோர் பெட்டர்" என்றார்.

சொல்லிவிட்டு டம்ளரைத் தூக்கி ஒரு வாய் காபி குடித்தார்.

என் கத்தி நின்றது. நான் வாய் திறக்கவில்லை. அவர் இன்னொரு வாய் குடித்தார். காபி எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும், வெறும் டம்ளரைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பது தெரிந்தது. மற்ற வாக்கியங்களில் ஒரு தப்பு உண்டா என்று ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னார், இந்த முறை சத்தமாக.

"வில் பி மோர் பெட்டர்."

இந்த ஞாயிற்றுக்கிழமைச் சடங்கு எப்போது ஆரம்பித்தது என்று நினைத்துப் பார்த்தேன். கோயம்புத்தூரில் இது கிடையாது. அங்கே அவர் என்னிடம் ஒரு ஆங்கில வார்த்தை சந்தேகம் கேட்டதில்லை. அந்த அம்மாள் என் உச்சரிப்பைப் பற்றிச் சொன்ன வாரம், இனி வாயே திறப்பதில்லை என்று நான் உட்கார்ந்திருந்தபோதுதான் முதல் முறையாக டம்ளரோடு வந்து நின்றார். சந்தை வியாபாரியின் தராசு முள்ளைப் பார்க்கத் தெரிந்த எனக்கு, ஒரே வீட்டில் இருந்துகொண்டு இந்த ஆள் இத்தனை நாள் செய்த மோசடி தெரியவில்லை.

"மோர் வேண்டாங்க," என்றேன். "பெட்டர் போதும்."

"ஓ, ஆமால்ல!" என்று தலையில் தட்டிக்கொண்டார். "நல்ல வேளை சொன்ன. நாளைக்கு மானம் போயிருக்கும். வேற எங்கயாவது தப்பு இருந்துதா?"

"நிறைய இருக்கு," என்றேன், பீன்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதல்ல இருந்து சொல்லுங்க."